ஈசான்ய மூலைக் கிணறு

அத்தியாயம் 11

"ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போய் இரண்டு வாரமா?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இருங்கள் அம்மா. விளையாட்டு என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்ளலாம். ஆர்.கே.புரத்தில், அந்த முதல் மாடிக் குவார்ட்டர்ஸில், சனிக்கிழமை காலை யாருக்கும் இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

மானசாவுக்கு நொய்டாவில் வேலை என்று சொல்லியிருந்தேன். கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. அதை விளையாடிப் பார்த்து, கோட்டை எங்கே இடிகிறது, எதனால் இடிகிறது என்று எழுதித் தருவது இவள் வேலை. இன்று நான்கு மணிக்கு ஹைதராபாத்திலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். விளையாட்டுக் கணக்கில் இருபது வருஷம் நின்ற கோட்டை ஒன்றைக் காட்டினால் எடுத்துக்கொள்வார்கள். காட்டாவிட்டால் கம்பெனியே இருக்காது.

மானசாவின் அப்பா ஜகந்நாதன் இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாயவரம் போவதாக முடிவு. "வேலை இருந்தா ஹாஸ்டல்ல இருந்துக்கோ. இல்லேன்னா எங்களோட கிளம்பு" என்று மகளுக்குப் போன வாரமே தீர்ப்பு எழுதிவிட்டார். டெல்லியில் பிறந்து டெல்லியில் வளர்ந்த பெண். மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் இருப்பதற்குள் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிடுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் யார் கட்டினாலும் இடிகிற கோட்டை இந்த வீட்டில் மட்டும் நிற்கிறது. கட்டியது மானசா இல்லை. மத்தியானம் எல்லோரும் போன பிறகு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருகிற அம்மா மங்களம். பெண்ணுக்கு இது போன வாரம்தான் தெரிந்தது. ஜகந்நாதனுக்கு இன்னமும் தெரியாது.

இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஒன்றும் உண்டு. மூத்தவன் அம்பி. எட்டு மாதத்துக்கு முன்னால் புனேயில் கூட வேலை பார்த்த பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்று ஜகந்நாதன் போனை வைத்தார். வைத்தது வைத்ததுதான்.

"அதென்னடி, எப்பப் பாத்தாலும் இடிஞ்சுண்டே இருக்கு?" என்றார் ஜகந்நாதன், இட்லியைக் கிண்டிக்கொண்டே.

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் அப்பா. லிஸ்ட்ல இருநூத்திப் பதினாறு விபத்து இருக்கு. எல்லாரும் சாப்பிடறப்போ ஒருத்தன் போய் தூணை எடுத்துட்டான், கூரையே தலையில விழுந்தது. ஒருத்தன் தான் நிக்கற தரையையே வெட்டிண்டு கீழே போயிட்டான்."

"அச்சா."

"கொத்தனாருக்குச் சுவர் கட்டச் சொன்னா, அவன் எந்தப் பக்கம் நின்னு கட்டறான்னு பாக்கணும். பாக்கலேன்னா வெளிப்பக்கம் நின்னுண்டு கட்டி முடிச்சுடுவான். அப்பறம் உள்ளே வர வழி இல்லாம அங்கேயே கிடந்து செத்துப் போவான்."

"முட்டாள் பயல்."

"சொன்னதைச் செய்யறான். சொன்னவாதான் முட்டாள்," என்றாள் மானசா. மங்களம் தலையைக் குனிந்துகொண்டு சட்னியைப் பரிமாறினாள்.

"ஒரு ஃபைல் போட்டு, நோட் எழுதி, மேலே அப்ரூவல் வாங்கிண்டு கட்டினா இதெல்லாம் நடக்குமா?" என்றார் ஜகந்நாதன். முப்பத்தைந்து வருஷ மினிஸ்டிரி உத்தியோகம் அவரை அப்படிப் பேச வைக்கிறது.

பத்தரை மணிக்கெல்லாம் வெளியே அனல். கோட்டையை சிடியில் ஏற்றி எடுத்துப் போக வேண்டும். வீட்டிலிருந்த சிடிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த விளையாட்டில் பழைய பிரதி என்று எதுவும் வைத்துக்கொள்ள முடியாது. அவ்வப்போது தானே எழுதி, பழையதைத் தானே அழித்துவிடும். போனது போனதுதான் என்பது அதன் பெருமையாம். மானசா கோட்டையை அசையாமல் நிறுத்தி வைத்துவிட்டு, புது சிடி வாங்கப் பக்கத்து முனிர்கா கடைத்தெருவுக்கு ஓடினாள். கிருத்திகை என்பதால் மங்களம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினாள், பெண் பெயருக்கு ஒரு அர்ச்சனை பண்ண.

வீட்டில் ஜகந்நாதனும் கூலரும் மட்டும்.

பேப்பரை இரண்டு தடவை படித்தாயிற்று. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். சோபாவிலிருந்து பெண் தோளுக்கு மேலாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். எதை அமுக்கினால் ஓடும், எதை அமுக்கினால் தோண்டும் என்பதெல்லாம் தெரியும். மேலிருந்து பார்க்கிற வரைபடம் மாதிரி கோட்டை. அறை அறையாக, தாழ்வாரம் தாழ்வாரமாக. சின்னச் சின்ன ஆட்கள். மூலையில் வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி.

பார்த்தவருக்குப் பகீரென்றது. கிணறு தென்மேற்கில் இருந்தது. கன்னி மூலையில் தண்ணீர்!

"இப்படி வச்சா குழந்தைக்கு வேலை எப்படி நிக்கும்?" என்று கூலரிடம் சொன்னார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். சரோஜினி நகர், மோதி பாக், இப்போது ஆர்.கே.புரம் என்று முப்பத்தைந்து வருஷம் அரசாங்கம் கொடுத்த வீட்டில் இருந்தவர். குழாய் எங்கே, அடுப்பு எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிற வாஸ்து பகுதியைக் கத்தரித்து, ஒரு ஆபீஸ் ஃபைலில் நம்பர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார். கட்டுகிற வீடு ஒன்று என்றைக்காவது வரும் என்று ஆசை. வரவில்லை. இதோ பெண்ணின் கோட்டை இருக்கிறது. வடகிழக்கு மூலை காலியாகவும் இருக்கிறது. அவர் மவுஸைப் பிடித்தார்.

ஈசான்ய மூலையில் கிணறு தோண்டச் சொல்லி உத்தரவு போட்டு, நின்றிருந்த கோட்டையை ஓட விட்டார். ஒரு ஆள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று ஓடினான். ஜகந்நாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மினிஸ்டிரியில் எந்த உத்தரவும் இவ்வளவு சீக்கிரம் அமலானதில்லை.

வடகிழக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. பாறை ஒரு ஆள் கனம்தான். தோண்டுகிறவன் கடைசிக் கல்லைப் பெயர்த்தான். நீலமாக ஏதோ உள்ளே வந்தது. முதலில் கிணறு ஊறுகிறது என்று நினைத்தார். நீலம் அறையை நிறைத்துத் தாழ்வாரத்துக்கு வந்தபோதுதான் எழுந்து நின்றார். நிறுத்துகிற பொத்தான் சட்டென்று மறந்து போயிற்று.

வாசல் கதவு திறந்தது. கையில் விபூதிப் பொட்டலத்தோடு மங்களம்.

"ஏன்னா, என்ன பண்ணினேள்?"

"ஈசான்யத்துல கிணறு..."

மங்களம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவரைத் தோளால் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கை கீ போர்டில், வலது கை மவுஸில். சமையலறையில் நாலு பாத்திரத்தை ஒரே சமயத்தில் கவனிக்கிற அதே கைகள்.

"ஈசான்யம் எனக்கும் தெரியும். அந்தப் பக்கம் ஆறு ஓடறது. ஆத்தை ஒட்டி உள்ளேர்ந்து யாராவது தோண்டுவாளா?"

"இது மானசா கோட்டைன்னா?"

"அப்படியே வச்சுக்கோங்கோ."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். மங்களம் தாழ்வாரத்தின் குறுகலான இடத்தில் சுவர் எழுப்பச் சொன்னாள். களஞ்சியத்துக்குள் தண்ணீர் போக இன்னும் மூன்று அறைதான் பாக்கி. உள்ளே நாற்பத்திரண்டு பேர். பக்கத்தில் இருந்த கொத்தனார் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வைத்தான். இன்னொன்று வைத்தான். கடைசிக் கல்லும் விழுந்தது. நீலம் சுவரில் முட்டி நின்றது.

"அப்பாடா," என்றார் ஜகந்நாதன்.

மங்களம் விளையாட்டை நிறுத்தினாள். கொத்தனார் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். தோண்டினவன் முன்னாலேயே உள்ளே ஓடி வந்துவிட்டான். கொத்தனார் மட்டும் தண்ணீர்ப் பக்கம், கிணற்று மண் மேட்டின் மேல், தனியாக.

"உள்பக்கம் நின்னு கட்டுடான்னு எப்பவும் சொல்லிடுவேன்," என்றாள் மங்களம். "இன்னிக்கு அவசரத்துல சொல்லலை."

ஜகந்நாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் ஒரு பெயர். வாயில் நுழையாத பெயர்களோடு வந்த ஆட்களுக்கெல்லாம் மங்களம் தனக்குத் தெரிந்த பெயரை வைத்திருந்தாள். சமையல்காரன் வெங்கடராமன். தோண்டுகிறவன் மூக்கன். வாசல் காவலுக்கு, எதிர் வீட்டில் எல்லாரையும் எட்டிப் பார்க்கிற இந்திராணி. மண் மேட்டில் நின்றவன் தலைக்கு மேல் இருந்த நாலு ஆங்கில எழுத்தை அவர் படித்தார்.

"யாருடி இது?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"



"சுவத்தை உடைச்சுடு," என்றார்.

"உடைச்சா கோட்டை போயிடும். மானசா வேலையும் போயிடும்."

"உடைக்காட்டா?"

"ஓட விட்டோம்னா தண்ணி இன்னும் ஏறும். ரொம்ப நேரம் தாங்கமாட்டான்."

மானசா சிடியோடு மூச்சு வாங்க உள்ளே வந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரே திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியே அவளுக்குப் புதுசு. விஷயம் புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அரே அப்பா, நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் சும்மா உக்கார முடியலையா உங்களால?"

"நல்லது நினைச்சுதாம்மா பண்ணினேன்."

அவர் பெண்ணிடம் அப்படிக் குரல் இறங்கிப் பேசி அவள் கேட்டதே இல்லை. மேலே திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. கூலர் நின்றது. மேஜைக்கு அடியிலிருந்த யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பத்து நிமிஷம் தாங்கும். சிடியில் ஏற்றவே ஏழு நிமிஷம் ஆகும்.

"அம்மா, சொல்லு. ஏத்தட்டுமா, உடைக்கட்டுமா?"

மங்களம் திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "ஏத்து," என்றாள்.

யுபிஎஸ் உயிரை விடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சிடி வெளியே வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. மானசா சிடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்தாள். நொய்டா போகக் குறைந்தது ஒரு மணி நேரம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்கிறீர்கள்? ஜகந்நாதன் பால்கனிக்கும் கறுத்துப்போன கம்ப்யூட்டருக்கும் நடந்தார். விசிறியால் வீசிக்கொண்டார். "நாலு மணிக்கு ஓட விட்டாகணுமா? அப்படியே நிறுத்தி வச்சுக் காட்டப்படாதா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"போட்டோவைக் காமிச்சா யார் வாங்குவா?" என்றாள் மங்களம் மூன்று தடவையும்.

வெண்டைக்காயை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நறுக்கினாள். ராத்திரிக்கு வேண்டியதற்கு மேலேயே நறுக்கிவிட்டாள். ஒரு இடத்தில் கத்தி நின்றது.

"ஏன்னா, போன வருஷம் பாத்ரூம் சுவத்துக்குள்ள குழாய் வெடிச்சுதே. அந்த பிளம்பர் பையா என்ன பண்ணினான்?"

"இப்ப எதுக்கு அது?"

"சுவத்தை உடைச்சா வீடு பூரா தண்ணின்னு, மேல் வீட்டுல போய் தரையில துளை போட்டு, மேலேர்ந்தே குழாயை எடுத்தான். ஞாபகம் இருக்கா?" அவள் எழுந்துவிட்டாள். "போனை எடுங்கோ. மானசாவைக் கூப்பிடுங்கோ. ஜல்தி."

மணி மூன்று ஐம்பது. பழைய டயல் போன். கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். மானசாவின் மொபைலில் மணி போயிற்று, போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா, அவா சீக்கிரமே வந்துட்டா. பின்னாலயே நிக்கறா," என்று கிசுகிசுத்தாள் மானசா. "என் பாஸ் முறைக்கறான். அப்பறம் பேசறேன்."

"வைக்காதே. அம்மா சொல்றா, கேட்டுக்கோ."

ஜகந்நாதன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மங்களத்தைப் பார்த்தார். மேலதிகாரி சொல்வதைக் குறிப்பெடுக்கிற பழக்கத்தில் இடது கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"களஞ்சியத்துக்கு மேல் தளத்துக்கு மூக்கனை அனுப்பச் சொல்லுங்கோ," என்றாள் மங்களம்.

"மூக்கனை மேல் தளத்துக்கு அனுப்பு."

"மண் மேட்டுக்கு நேர் மேலே நின்னு, கீழே படி வெட்டணும்."

"நேர் மேலேர்ந்து கீழே படி."

"மூலைத் தூணைத் தொடப்படாது. தொட்டா கூரை விழும்."

"ஈசான்யத் தூணைத் தொடாதே. தொட்டா எல்லாம் போச்சு," என்றார் அவர். ஈசான்யம் அவருடைய சொந்தச் சேர்க்கை.

போனில் மவுஸ் சத்தம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மானசாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"ஓட விட்டுட்டேன்," என்றாள். "மூக்கன் போறான்... வெட்டறான்... தண்ணி முழங்காலுக்கு வந்துடுத்து அப்பா."

"முழங்காலாம்," என்றார் ஜகந்நாதன். மங்களம் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"இடுப்பு."

அவர் அதை மங்களத்திடம் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதில் ரிசீவர் வியர்த்து வழுக்கியது. மங்களம் அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"படி இறங்கிடுத்து," என்றது போன். "பாத்துட்டான். வரான். அப்பா, ஏறறான்... ஏறிட்டான். அம்மாகிட்ட சொல்லுங்க, ஏறிட்டான்."

"ஏறிட்டானாம்," என்றார் ஜகந்நாதன். அதைச் சொல்வதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மங்களம் வெட்கமெல்லாம் படவில்லை. முகத்தை மூடிக்கொண்டு நன்றாகவே அழுதாள்.

"கோட்டை?" என்றாள், சற்றுப் பொறுத்து.

"நிக்கறதாம். அவாளோட பேசிட்டுக் கூப்பிடறேன்னா."

போனை வைக்க வேண்டியதுதானே. அவர் வைக்கவில்லை. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு விரலால் கொக்கியை அமுக்கினார், விட்டார்.

"அந்த நம்பர் இருக்கா?"

எந்த நம்பர் என்று மங்களம் கேட்கவில்லை. டைரியையும் தேடவில்லை. பூஜ்யம் இரண்டு பூஜ்யம் என்று ஆரம்பித்து மடமடவென்று சொன்னாள்.

"மனப்பாடமா?"

"தெனம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துப்பேன். போட்டதில்லை. நீங்க போடாம நான் போடப்படாதுன்னு."

அவர் டயலைச் சுற்றினார். ஒரு எண் தப்பிப் போய் முதலிலிருந்து சுற்றினார். மணி போயிற்று. எடுத்தது ஒரு பெண்.

"ஹலோ, கௌன்?"

முப்பத்தைந்து வருஷமாக ஆயிரக்கணக்கில் கடிதம் டிராஃப்ட் செய்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மங்களம் விலாவில் இடித்தாள்.

"மை... டெல்லி ஸே. மானசா கே பாப்பா," என்றார், மானசாவின் அப்பா என்று.

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தார். பிறகு அந்தக் குரல், பரீட்சையில் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி, நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசியது.

"நமஸ்காரம் அப்பா. நான் ஸ்மிதா. நீங்க... நன்னா இருக்கேளா? அம்மா... நன்னா இருக்காளா?"

எட்டு மாதமாக அவளும் தினம் சொல்லிப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. யாரும் கேட்காமலே கற்றுவைத்திருந்த இரண்டு வரி. ஜகந்நாதன் "ம்" என்றார். இன்னொரு "ம்" என்றார். தமிழ் அத்துடன் தீர்ந்து, அவள் ஹிந்திக்கு மாறினாள். வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார், அரை மணியில் வந்துவிடுவார், வந்ததும் போன் செய்யச் சொல்லட்டுமா?

"ஹான், சொல்லு," என்றார் ஜகந்நாதன், இரண்டு பாஷையிலும். "நாங்க ஆத்துலதான் இருக்கோம்."

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். கரண்ட் வந்தது, கூலர் ஓட ஆரம்பித்தது. காற்று இந்தப் பக்கம் வருகிறது, இப்படி வந்து உட்காருங்களேன் என்றாள் மங்களம். மாட்டேன் என்றார்.

மணி அடித்தது. அவர் கையும் மங்களத்தின் கையும் ரிசீவரில் மோதிக்கொண்டன.

"அப்பா, அம்மாகிட்ட குடுங்க," என்று மூச்சு விடாமல் கொட்டினாள் மானசா. "இந்தக் கோட்டையைக் கட்டினவாளைப் பாக்கணும்ங்கறா இவா. இன்னிக்கே பாக்கணுமாம். வண்டி அனுப்பறாளாம். அம்மாவை ஒண்ணு கேக்கணுமாம், அதுக்கு அம்மா சரின்னு சொன்னாத்தான்..."

"அப்பறம் பேசு," என்றார் ஜகந்நாதன். "லைன் வேணும். அம்பி பண்ணுவான்."

சொல்லிவிட்டு, பெண் என்ன சொல்ல வந்தாள் என்றுகூடக் கேட்காமல், வைத்துவிட்டார்.

மங்களம் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எட்டு மாதமாயிற்று என்பது அதற்குள் உறைத்துவிட்டது. போய் விபூதிப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் நெற்றியில் இட்டாள். பிறகு தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.